கொலுசு ஆர்டருக்குக் கையெழுத்து: இன்லைனா, பிஜிபி/மைமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மச்சானின் கொலுசுப் பட்டறைக்கு வரும் ஆர்டர் மெயில்களுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு. எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எல்லாம் தமிழிலேயே போகும். வழியில் ஓர் எண் மாறினாலும் வெள்ளி விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு மெயிலிலும் டிஜிட்டல் கையெழுத்து: அனுப்பியது நான்தான், வழியில் எதுவும் மாறவில்லை என்று கணினியே சரிபார்க்கும் முத்திரை. எந்த வடிவத்தில் என்பதுதான் கேள்வி. பிஜிபி என்பது அவரவர் உருவாக்கிக்கொள்ளும் சாவியால் கையெழுத்துப் போடும் முறை. கையெழுத்தை மெயிலின் எழுத்துக்குள்ளேயே வைத்தால் இன்லைன், தனிப் பகுதியாக இணைத்தால் பிஜிபி/மைம். நான் எடுத்தது பிஜிபி/மைம்.

சான்றிதழை வைத்துக் கையெழுத்துப் போடும் எஸ்/மைம் என்ற வேறொரு முறையும் உண்டு. அதை அவுட்லுக்கும் ஆப்பிள் மெயிலும் தாமாகவே சரிபார்க்கும். பெரிய கம்பெனிகளோடு மட்டும்தான் கொடுக்கல் வாங்கல் என்றால் அதுவே போதும். ஆனால் சான்றிதழை வாங்கி, காலாவதியாகும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். அதன் கையெழுத்தும் பிஜிபி கையெழுத்தும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

இன்லைனில் கையெழுத்து மெயிலின் எழுத்தோடேயே ஒட்டிக்கொண்டு போகும். எங்கே வேண்டுமானாலும் காப்பி செய்து சரிபார்க்கலாம்; அந்த வசதி பெரிதுதான். இணைப்பாகப் போகும் விலைப்பட்டியலுக்கு மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்லைனை நான் விட்டதற்குக் காரணம் தமிழ். 'கொலுசு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'ொ' யூனிகோடில் (எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்முறை) ஒரே குறியீடாகவும் வரலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வரலாம். அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8ல் முதலாவதற்கு 3 பைட், இரண்டாவதற்கு 6. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்; கையெழுத்து பார்ப்பதோ பைட்டை. காப்பி செய்து ஒட்டும் இடத்தில் ஏதாவது ஒரு மென்பொருள் ஒன்றை மற்றதாக மாற்றிவிட்டால், ஓர் எழுத்தும் மாறாத மெயிலுக்குக் 'கையெழுத்து செல்லாது' என்று வரும். நீண்ட வரியை மெயில் நிரல் மடக்கினாலும் இதே கதி.

பிஜிபி/மைமுக்கான விதி 2001ல் வந்த ஆர்எஃப்சி 3156 என்ற இணையத் தர ஆவணம். கையெழுத்துக்கு முன்பே மெயிலை 7 பிட் எழுத்துகளாக (வெறும் ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மாற்றிவிட வேண்டும் என்கிறது அது. தமிழ் உரை பெரும்பாலும் பேஸ்64 என்ற அப்படியொரு மாற்று வடிவத்தில் போகும், அதன் மேல்தான் கையெழுத்து. கொலுசைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகு அரக்கு முத்திரை குத்துவது மாதிரி. இணைப்புகளும் அதே முத்திரைக்குள் அடங்கிவிடும்.

தொல்லை இதிலும் உண்டு. பிஜிபி இல்லாதவர்களுக்குக் கையெழுத்து தனிக் கோப்பாகத் தெரியும். "என்னங்க இது, வைரஸுங்களா?" என்று போன் வரும். சில அலுவலகச் சர்வர்கள் மெயிலின் கட்டமைப்பைக் கலைத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் பிடிஎஃபும் தனிக் கையெழுத்துக் கோப்புமாக அனுப்புகிறேன். ஐபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எங்களுக்குக் குறைவு, அந்தப் பக்கம் என் பேச்சை முழுதாக நம்ப வேண்டாம்.

புதிதாகச் சாவி உருவாக்குகிறவர்களுக்கு ஒன்று. 2024ல் வந்த ஆர்எஃப்சி 9580 என்ற பிஜிபி விதி, பதிப்பு 6 சாவிகளைக் கொண்டுவந்தது. பிஜிபி மென்பொருளான குனு பிஜி அந்த வழியில் போகாமல் லிப்ரே பிஜிபி என்ற தனி விதியோடு பிரிந்துவிட்டது. இப்போதைக்குப் பதிப்பு 4 சாவியே எடுங்கள், அதை இரு தரப்பும் படிக்கும்.