தூங்கும் காரில் மின்சாரத்தைத் திருடுவது எது? மூன்று வழிகளில் தேடலாம்

இரவு ஒழுங்காக ஓடி வந்த கார், காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்கிறது. புது பேட்டரி வாங்கும் முன் ஒரு சோதனை. பழையதை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் சும்மா வையுங்கள். 12.6 வோல்ட் அளவிலேயே நின்றால் பேட்டரி மேல் பழி இல்லை; காரில் ஏதோ உறிஞ்சுகிறது. தானாகவே 12.2-க்கு இறங்கினால் பேட்டரிதான் போய்விட்டது, மேலே படிக்க வேண்டியதில்லை.

நிற்கும் கார் எதுவானாலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். கடிகாரம், ரிமோட் பூட்டு, உள்ளே இருக்கும் கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 50 மில்லியாம்புக்குள் (ஆயிரம் மில்லியாம்ப் ஓர் ஆம்ப்) அடங்கும். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அந்தக் கணக்கில் பாதியாகவே 25 நாள் ஆகும். டிக்கியில் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு 400 மில்லியாம்ப் இழுக்கும். மூன்று நாளில் பாதி காலி.

பலரும் முதலில் செய்வது மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்ப் அளக்கும் கருவி) வரிசையில் இணைப்பது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. செலவு குறைவு, அளவு துல்லியம். ஆனால் எனக்கு இந்த முறை மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கேபிளைக் கழற்றியதுமே எல்லாக் கணினிகளும் மறுதொடக்கம் ஆகின்றன. தூங்காமல் அடம்பிடித்த ஒரு கணினிதான் காரணம் என்றால், கழற்றி மாட்டியதிலேயே அது சமர்த்தாகிவிடும். நாலு நாள் கழித்து மறுபடி பேட்டரி டவுன். பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பச் சொருகினாலும் கணினிகள் விழித்துக்கொள்ளும். சில கார்கள் அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ஒவ்வொரு தடவையும் காத்திருக்க முடியுமா? அப்புறம், மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் செய்துவிட்டால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். ஒரு முறை எனக்கே போனது.

இரண்டாவது வழி, ஃபியூஸைத் தொந்தரவு செய்யாமல் அதன் தலையிலேயே அளப்பது. பிளேடு ஃபியூஸின் மேல் பக்கம் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவற்றைத் தொட வேண்டும். மின்சாரம் ஓடினால் ஃபியூஸின் சிறு தடையில் கொஞ்சம் வோல்ட் விழும். 10 ஆம்ப் மினி ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 130 மில்லியாம்ப். அதிக ஆம்ப் ஃபியூஸுக்குத் தடை குறைவு, அதனால் அதே 1 மில்லிவோல்ட்டுக்கு இன்னும் அதிக மின்சாரம் என்று அர்த்தம். எதையும் கழற்றவில்லை, கார் தூக்கம் கலையவில்லை. மீட்டர் மட்டும் 0.1 மில்லிவோல்ட் வரை காட்ட வேண்டும். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிவிடுங்கள். கதவு சாத்தியிருப்பதாகக் கார் நம்பிவிடும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்காமல் கதவை அடித்துச் சாத்தினால், அது தனிச் செலவு. கீலெஸ் சாவியைக் காரிலிருந்து தள்ளி வைப்பதும் முக்கியம், பக்கத்தில் இருந்தால் கார் விழித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கிளாம்ப் மீட்டர். பேட்டரி கேபிளைச் சுற்றிக் கவ்வினால் மொத்த இழுப்பு தெரிந்துவிடும். ஆனால் டிசி (பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம்) அளக்கும் கிளாம்பாக இருக்க வேண்டும். ஏசி மட்டும் அளப்பது இங்கே உதவாது. அதிலும் 10 மில்லியாம்ப் அளவுக்காவது காட்டாவிட்டால் வாங்கிப் பயனில்லை. எவ்வளவு போகிறது என்று சொல்லும், எங்கே போகிறது என்று சொல்லாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நல்ல மல்டிமீட்டரை வாங்கி ஃபியூஸ் தலையில் அளப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். கிளாம்பும் கையில் இருந்தால் இரண்டும் நல்ல ஜோடி. மொத்தம் 300 மில்லியாம்ப் போகிறது, ஆனால் எல்லா ஃபியூஸும் பூஜ்யம் என்றால் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) சந்தேகிக்கலாம். அதன் தடித்த கேபிள் பெரும்பாலும் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாக வராது, உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு கசிந்தால் இங்கே தெரியாது. அந்தக் கேபிளையே கிளாம்பால் கவ்வினால் குட்டு வெளிப்படும்.

சரி, கண்டுபிடித்த பிறகு? அந்த ஃபியூஸைப் பிடுங்கி வைப்பது ஒரு வாரம் ஓட்ட உதவும், அதே சுற்றில் வேறு முக்கியமான எதுவும் இல்லையென்றால். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குப் பொருத்தம். தினமும் ஓட்டும் காருக்கு அது கோளாறை மூடி மறைக்கும் போர்வை, கூடவே கடிகாரமும் ரேடியோ அமைப்புகளும் அழிந்துபோகும். ஒட்டிக்கொண்ட ரிலேயோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கெட்டுப்போன டிக்கி சுவிட்சோ, அதை மாற்றுவதே சரி. மாற்றியபின் காரைப் பூட்டி, ஒரு மணி நேரம் விட்டு, இன்னொரு தடவை அளந்து பாருங்கள். சில நேரம் திருடர்கள் இருவர் இருப்பார்கள்.