கீச்சொலி கேட்டதுமே 'இ.எச்.டி. போய்விட்டது' என்றால் நம்ப வேண்டாம்

பழைய வீடியோ கேம்களின் ஒளித் துப்பாக்கி பிக்சர் டியூப் டிவியில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், எங்கள் 21 அங்குலப் பெட்டியை இன்னும் பயன்படுத்துகிறோம். அது காதில் ஊசி குத்துவது போலக் கீச்சிடத் தொடங்கவே, பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தோம். பின்மூடியைக்கூடக் கழற்றாமல், டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மரான இ.எச்.டி. போய்விட்டது என்று சொல்லி, அதை மாற்ற 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டி திரும்பி வந்தபோது கீச்சொலி அப்படியே இருந்தது. முன்பு தெளிவாக இருந்த படம்தான் மங்கியிருந்தது. போய்க் கேட்டால், "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றார் கடைக்காரர். நம் நாட்டு டிவிகளின் பால் (PAL) முறையில் படத்தின் 625 கோடுகள் நொடிக்கு 25 முறை வரையப்படுவதால் அந்த ஒலி 15,625 ஹெர்ட்ஸில் எழுகிறது. வயது கூடக்கூட அவ்வளவு உயர்ந்த ஒலி பலருக்கும் கேட்காமல் போகும் என்பதால், அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தம் காதுக்கே எட்டாத ஒரு குறையைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லிப் பணம் வாங்குவது எந்த வகையில் நியாயம்? ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றைப் பெட்டியருகே பிடித்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும்.

வேறொரு மெக்கானிக், இளைஞர், எங்கள் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தார். புதிது என்று பொருத்தப்பட்டிருந்த இ.எச்.டி.யின் கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தது. வேறு பெட்டியிலிருந்து கழற்றியது அது. பிரைட்னஸை மாற்றினால் மின்சாரத் தேவையும் மாறும்; அதைக் கூட்டிக் குறைத்தும் ஒலி மாறாததால் பவர் சப்ளை பகுதியை அவர் அதிகம் சந்தேகிக்கவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நீண்ட, உலர்ந்த பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு பாகமாக மெல்ல அழுத்திவந்தவர், படம் பக்கவாட்டில் சீராக விரிய உதவும் கம்பிச்சுருளான லீனியாரிட்டி காயிலைத் தொட்டதும் கீச்சொலி அடங்கியது. தளர்ந்துபோன அந்தச் சுருளுக்குள், மின்சாரத்தைத் துண்டித்து டியூபையும் டிஸ்சார்ஜ் செய்த பிறகு, சில சொட்டு வார்னிஷ் விட்டு உலரவைத்தார். அத்துடன் ஒலி நின்றது. இதை வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடாது. அந்த டியூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், அணைத்த பின்னும் தங்கியிருக்கும்.

படம் நன்றாகத் தெரியும் பெட்டியில் கீச்சொலி ஒன்றை மட்டும் வைத்து இ.எச்.டி.யை மாற்றச் சொன்னால், எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தையும் கையோடு கேட்டு வாங்குங்கள். எங்களுடைய பழைய இ.எச்.டி.யைக் குப்பையில் போட்டுவிட்டதாகவே கடைக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.