தனியாளாகத் தொழில் செய்பவருக்கு லிப்ரேஆபிஸ்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் பிழைப்பு. அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, அவ்வளவுதான். பில் போடுவது, பாக்கியைக் கேட்டுக் கடிதம் எழுதுவது, கோப்புகளைப் பத்திரப்படுத்துவது எல்லாம் நானே. கணினி மக்கர் செய்தால் கூப்பிட ஆள் இல்லை. நிரல் எழுதவும் தெரியாது. இப்படிப்பட்ட ஒருத்திக்கு, கடிதம், கணக்கு, படவிளக்கம் எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் தொகுப்பான லிப்ரேஆபிஸ் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இதற்கு மாறியதற்குக் காரணம் ஒரு கெட்ட நாள். அப்போது சந்தா கட்டிப் பயன்படுத்தும் வேறொரு மென்பொருளில் இருந்தேன். கார்டு காலாவதியாகி, சந்தா புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிருந்தது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய கையெழுத்துப் பிரதியைத் திறந்தால் படிக்க மட்டும்தான் முடிந்தது, ஓர் எழுத்தைக் கூட மாற்ற முடியவில்லை. நான் எழுதியது, என் கணினியில் இருப்பது, ஆனால் திருத்தும் உரிமை வேறொருவர் கையில். அன்று இரவே லிப்ரேஆபிஸை இறக்கி நிறுவினேன். வேலையை முடித்து அனுப்பும்போது விடியற்காலை ஆகிவிட்டது.

இது இலவசம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கணக்கு தொடங்கச் சொல்வதில்லை, இணையம் இல்லாமலும் ஓடுகிறது, எந்தத் தேதியிலும் பூட்டிக்கொள்வதில்லை. 2010 செப்டம்பரில் ஓபன்ஆபிஸ் என்ற இன்னொரு இலவசத் தொகுப்பிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது. 'தி டாக்குமென்ட் பவுண்டேஷன்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. இதன் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. விவரம் வெளிப்படையாக இருப்பதால் வேறு மென்பொருள்களும் அந்தக் கோப்பைத் திறக்கின்றன. பத்து வருடம் கழித்துப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து "அந்தப் புத்தகத்தின் கோப்பு இருக்கிறதா?" என்று கேட்கும் தொழிலில் இது பெரிய ஆறுதல்.

இனி கால்க், அதாவது இதிலுள்ள கணக்குத் தாள் மென்பொருள். வரவு செலவுக்கு நான் தனி மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. ஒரே ஒரு கால்க் தாள்: தேதி, வாடிக்கையாளர், சொற்களின் எண்ணிக்கை, விகிதம், தொகை, பில் அனுப்பிய நாள், பணம் வந்த நாள். தேதிக் கட்டத்தில் கன்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் அன்றைய தேதி விழும். பில் அனுப்பி 30 நாளாகியும் பணம் வராவிட்டால் அந்த வரி சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனைப்படி நிறம் மாற்றும் வசதியில்) ஒரு நிபந்தனை கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் தாளைத் திறந்ததும் யாருக்கு நினைவூட்டல் எழுத வேண்டும் என்று கண்ணில் பட்டுவிடும்.

இந்தத் தாளில்தான் ஒருமுறை தடுமாறினேன். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் குறைவாக வந்தது. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தும் பிடிபடவில்லை. தொகைகள் எல்லாம் கண் முன்னால் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் வியூ மெனுவில் 'வேல்யூ ஹைலைட்டிங்' என்று ஒன்றைப் பார்த்தேன். கன்ட்ரோல்+எஃப்8 அழுத்தினாலும் போதும். எண்கள் நீலமாகவும் சூத்திரங்கள் பச்சையாகவும் வெறும் எழுத்துகள் கறுப்பாகவும் மாறின. தொகைப் பத்தியில் நீலத்துக்கு நடுவே பதினோரு கட்டங்கள் கறுப்பு! வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தொகைகள் அவை. பார்வைக்கு எண், கால்க்குக்கு வெறும் எழுத்து. கூட்டல் சூத்திரம் எழுத்தைக் கண்டால் கணக்கில் சேர்க்காமல் பேசாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்று சொல்லாது. அந்தப் பத்தியைத் தேர்ந்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுத்ததும் பதினொன்றும் நீலமாயின, மொத்தமும் சரியானது. இப்போது வெளியிலிருந்து எதை ஒட்டினாலும் முதலில் கன்ட்ரோல்+எஃப்8ஐத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. கணக்கு எழுதும் எல்லோருக்கும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எழுதுவதற்கான பகுதியான ரைட்டருக்கு வருவோம். என் நாளின் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது. எனக்கு வருவதில் பெரும்பாலானவை டாக்எக்ஸ் கோப்புகள், அதாவது மைக்ரோசாஃப்ட் வேர்டின் வடிவம். திருத்தங்களைப் பதிவு செய்வது, ஓரத்தில் குறிப்பு எழுதுவது இரண்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வருகின்றன. நான் போட்ட திருத்தத்தை வாடிக்கையாளர்கள் வேர்டில் ஏற்கலாம், மறுக்கலாம். சாதாரணக் கட்டுரை, கடிதம், நாவல் என்றால் கவலையே வேண்டாம். கட்டத்துக்குள் கட்டம், படத்தைச் சுற்றி எழுத்து என்று அடுக்கிய ஆவணங்களில்தான் இடம் நகர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வேலையில் டாக்எக்ஸோடு ஒரு பிடிஎஃப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன். வடிவமைப்பே முழுவதும் வேர்டில் நடக்கும் பெரிய நிறுவன ஆவணங்கள்தான் உங்கள் தொழில் என்றால், லிப்ரேஆபிஸை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பக்கங்கள் நகர்வதற்குப் பல நேரம் எழுத்துரு இல்லாததே காரணம். வேர்டில் அதிகம் பயன்படும் கேலிப்ரி எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டால், லிப்ரேஆபிஸ் தன்னுடன் வரும் கார்லிட்டோவை அந்த இடத்தில் வைக்கும். இரண்டுக்கும் எழுத்தின் அகலம் ஒன்றே என்பதால் வரி உடையும் இடம் மாறாது. கேம்ப்ரியாவுக்குக் கலாடியா. ஆனால் தமிழ் எழுத்துக்கு இது உதவாது. எழுத்துருப் பெட்டியில் பெயர் சாய்வாகத் தெரிந்தால் அது உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். பக்க எண் முக்கியமான வேலை என்றால் நான் உடனே வாடிக்கையாளருக்கு எழுதி எழுத்துருவைக் கேட்டுவிடுவேன்.

ஸ்டைல்ஸ், அதாவது தலைப்பு, பத்தி போன்றவற்றின் தோற்றத்தை ஒரே இடத்தில் வகுத்து வைக்கும் வசதியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எஃப்11ஐ அழுத்தினால் பக்கத்தில் வந்து நிற்கும். தலைப்பைக் கையால் தடிமனாக்கிப் பெரிதாக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு ஸ்டைலைத் தொட ஆரம்பித்த பிறகு, 300 பக்கப் புத்தகத்தின் அத்தனை தலைப்பையும் ஒரே இடத்தில் மாற்ற முடிகிறது. பொருளடக்கமும் தானாக வருகிறது. ஆரம்பத்தில் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் விடாதீர்கள்.

பில்லுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிடிஎஃப் ஆக்கும் பெட்டியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு தேர்வு. அதைக் குறித்துவிட்டால் பிடிஎஃப்புக்குள்ளேயே மூல ஆவணமும் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் திறந்தால் வழக்கமான பிடிஎஃப், லிப்ரேஆபிஸில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணம். என்னிடம் இருக்கும் பில் நகல்கள் எல்லாம் இந்த வகைதான், மூலக் கோப்பைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. ஆனால் வெளியே இதை அனுப்பாதீர்கள். மூல ஆவணத்தில் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளும் கூடவே போய்விடும். வாடிக்கையாளருக்குச் சாதாரண பிடிஎஃப்தான்.

நிறுவிய அன்றே இரண்டு அமைப்புகளைப் பார்த்துவிடுங்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல். அங்கே மீட்புத் தகவல் சேமிக்கும் இடைவெளி பத்து நிமிடமாக இருக்கும். நான் அதை மூன்றாகக் குறைத்துவிட்டேன். அதன் அருகிலேயே எப்போதும் ஒரு காப்பு நகல் வைக்கும் தேர்வும் இருக்கிறது. பழைய பதிப்புகளில் அது தானாக இயங்காது, நாம்தான் குறிக்க வேண்டும்; குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அத்தியாயம் ஒன்றைத் தவறுதலாக அழித்துச் சேமித்தும்விட்டேன். முந்தைய பிரதி காப்பு கோப்புறையில் அப்படியே இருந்தது.

இம்ப்ரெஸ் (படவிளக்கம்), பேஸ் (தரவுத்தளம்) பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை, தொடுவதே அரிது. வரைவதற்கான டிராவில் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு தேதியையோ எழுத்துப் பிழையையோ திருத்தலாம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இருவர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதும் வேலைக்கு மேசைக் கணினியில் ஓடும் இந்தப் பதிப்பு சரிப்படாது. இதே அடித்தளத்தில் உருவான கொலாபோரா ஆன்லைன் அதற்கென்று இருக்கிறது, ஆனால் அதற்குச் சர்வர் வேண்டும். கைபேசியில் வேலை செய்பவர்களுக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நினைவுக் குறிப்புகளை அனுப்பினார். இப்போது வழக்கில் இல்லாத மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் என்ற பழைய மென்பொருளில் தட்டச்சு செய்த கோப்புகள். வேறு எங்கே கொடுத்துப் பார்த்தும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். ரைட்டரில் இருமுறை சொடுக்கினேன். பத்திகள், தலைப்புகள், சாய்வெழுத்து எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஓடிடி (ரைட்டரின் ஓடிஎஃப் கோப்பு) வடிவத்தில் சேமித்து ஒரு பிரதியை அவருக்குத் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் அத்தியாயத்தின் மெய்ப்பு இப்போது போய்க்கொண்டிருக்கிறது.