வட்ட டீஹைட்ரேட்டரா, பெட்டி டைப்பா? மோர்மிளகாய் போட்டா தெரிஞ்சிடும்

எங்க அப்பார்ட்மென்ட்ல மொட்டைமாடிய பூட்டி சாவிய வாங்கி வச்சுக்கிட்டாங்க, அதுலேர்ந்துதான் வெயிலுக்கு பதிலா சூடான காத்துல காய வைக்கிற இந்த டீஹைட்ரேட்டர் மெஷின் வாழ்க்கை. மொதல்ல வாங்குனது தட்டு மேல தட்டு அடுக்குற வட்ட டைப், ஃபேனும் ஹீட்டரும் அடியில. ரெண்டு வருஷம் ஓட்டிட்டு, இப்ப எட்டு மாசமா பின்பக்கம் ஃபேன் வச்ச பெட்டி டைப்.

கறிவேப்பிலை, புதினா, முருங்கைக்கீரை மட்டும்தான்னா வட்டமே போதும். 40 டிகிரில நொறுங்குற பதத்துக்கு வந்துடும், விலையும் கம்மி.

ஆனா நம்ம வீடு கீரையோட நிக்குமா? மோர்மிளகாய் ராத்திரி மோர்ல ஊறணும், பகல்ல காயணும், மறுபடி அதே மோர்ல ஊறணும், மோர் வத்துற வரைக்கும் மூணு நாலு நாள் இதே கூத்துதான். வட்டத்துல என்னாகும்னா, கீறுன மிளகாய்லேர்ந்து சொட்டுற மோர் தட்டு தட்டா இறங்கி அடியில ஃபேன் மூடி மேல விழுந்து உப்போட காஞ்சு ஒட்டிக்கும், அந்த அடிப்பாகத்த தண்ணில போட்டு கழுவவும் முடியாது, ஈரத்துணியும் பழைய டூத்பிரஷ்ஷும் வச்சு ஒரு மணி நேரம் நோண்டணும். நோண்டாம விட்டா அடுத்து போடுற ஆப்பிள்ல புளிச்ச மோர் வாசனை. (என் பையன் இன்னும் அத சொல்லிக் காட்டுவான்.)

தட்டு மாத்துற வேலை வேற. அடித்தட்டு சருகாகுற நேரத்துல மேல்தட்டு தக்காளி ஈரமாவே கிடக்கும். அவசரப்பட்டு ஒரு தடவ 70ல வச்சேன், வெளிய இறுகி உள்ள ஈரம் மாட்டிக்கிச்சு, பாட்டில்ல போட்ட அஞ்சாம் நாள் பூஞ்சை. அதுக்கப்புறம் 55 தாண்டுறதில்ல.

பெட்டில காத்து பக்கவாட்டுல வருது, சொட்டுறது அடித்தட்டுல நின்னுடும், உருவி சிங்க்ல கழுவுனா முடிஞ்சது. நான் மாறுனதுக்கு காரணமே இதான். ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு எடுத்துட்டா குண்டு மிளகாயும் தாராளமா உக்காரும். மணத்தக்காளிக்கு மட்டும் வலை விரிக்கணும், இல்லன்னா காய காய ஓட்டை வழியா கொட்டிடும்.

குறைன்னா, மைக்ரோவேவ் அளவுக்கு இடம் அடைக்குது, எனக்கு விலையும் ரெண்டு மடங்கு ஆச்சு. கரண்ட்டுல பெரிய வித்தியாசம் இல்ல, என்னோட ரெண்டுமே 500 வாட், பத்து மணி நேரத்துக்கு மிஞ்சிப்போனா 5 யூனிட். ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்ட ஒட்டி நிக்குறவங்க மட்டும் மோர்மிளகாய் மாசத்துல கொஞ்சம் கணக்கு பாருங்க, ஸ்லாப் மாறிடும்.

எதுல காய வச்சாலும் நல்லா ஆறுனப்புறம்தான் பாட்டில். முக்கால்வாசி நிரப்பி ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்க, உள்பக்கம் கண்ணாடி லேசா வேர்த்துச்சுன்னா திரும்ப மெஷின்தான்.

பெட்டியோட மோட்டார் எத்தனை வருஷம் ஓடும்னு எட்டு மாசத்துல சொல்ல முடியாது. கருவாடு, இறைச்சி நான் போட்டதே இல்ல. கூழ் வடாம் ரெண்டு தடவ முயற்சி பண்ணேன், ஷீட்ல ஒட்டிக்கிட்டு பிச்சு பிச்சுதான் வந்துச்சு, அதனால வடாத்துக்கு மட்டும் சித்திரைல மாமியார் வீட்டு மாடிக்கு மாவோட கிளம்பிடுறோம்.