கிருஷ்ணகிரியில் நடந்த ட்ரை நீட்லிங் அறிமுகப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

இயன்முறை மருத்துவர்களுக்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு வார இறுதியில் நடத்தப்பட்ட ட்ரை நீட்லிங் அறிமுகப் பயிற்சியில் கலந்துகொண்டேன். வெளியூர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்று, நகரிலுள்ள விடுதியின் கூட்ட அரங்கை வாடகைக்கு எடுத்து நடத்திய இரண்டு நாள் பயிற்சி அது. ஊசியை எப்படிப் பிடிப்பது, எந்தத் திசையில் செலுத்துவது, எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பதையெல்லாம் அவர்கள் கற்றுக்கொடுத்த விதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் யாருக்கு ஊசியை எடுக்கவே கூடாது என்பதற்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது அறிவுதான் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், கட்டணம் செலுத்தும் முன் இந்த மதிப்பீட்டைப் படித்துவிடுவது நல்லது.

ட்ரை நீட்லிங் என்பது மருந்து எதுவும் செலுத்தாமல், உள்ளே துளையில்லாத மெல்லிய ஊசியைத் தோல் வழியாகத் தசைக்குள் நுழைத்து, அங்கே இறுகி வலி தரும் டிரிக்கர் பாயின்ட்டைத் தூண்டித் தளர்த்த முயலும் சிகிச்சை. ஓசூர்த் தொழிற்சாலைகளில் முறை மாற்றி வேலை செய்கிறவர்கள், பசுமைக்குடில்களில் ரோஜா பறிக்கிறவர்கள், மாங்கூழ் ஆலைகளில் பருவகாலம் முழுவதும் நின்றபடி பழம் அறுக்கும் பெண்கள் எனக் கழுத்து வலியோடும் தோள் வலியோடும் வருகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. இதைக் கற்க இதுவரை பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்த நிலையில், சொந்த மாவட்டத்திலேயே பயிற்சி நடந்தது வரவேற்கத்தக்கது.

முதல் நாள் காலை முழுவதும் வகுப்பு. அமெரிக்க மருத்துவர்களான ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் ஆகியோரிடமிருந்து தொடங்கி, வலி தணிவதற்குச் செலுத்தும் மருந்தைவிட ஊசி குத்துவதே காரணமாக இருக்கலாம் என்று 1979-இல் எழுதிய செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் வழியாக, நரம்பு வேரின் பாதிப்பை மூலமாகக் கொண்டு தனி முறையொன்றை வகுத்த கனடாவின் சான் கன் வரை வரலாறு தெளிவாகச் சொல்லப்பட்டது. டிராவெல் ஜான் கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவர் என்ற தகவலைப் பயிற்சியாளர் இரண்டு முறை சொன்னார். அந்த நேரத்தை டிரிக்கர் பாயின்ட் கோட்பாட்டின் மீதுள்ள ஐயங்களுக்குக் கொடுத்திருக்கலாம். குவின்ட்னர், போவ், கோஹென் ஆகிய மூவரும் 2015-இல் எழுதிய விமர்சனக் கட்டுரை அந்தக் கோட்பாட்டின் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. ஒரே தசையை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் டிரிக்கர் பாயின்ட் இருக்கும் இடத்தில் அவர்கள் ஒத்துப்போவது அரிது என்பதும் இத்துறையில் பழைய சிக்கல். இவற்றில் எதுவும் வகுப்பில் பேசப்படவில்லை. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து தசை இறுகுகிறது என்ற விளக்கம், ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகவே வைக்கப்பட்டது. அது இன்னும் கருதுகோள் என்ற நிலையில்தான் இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், கேட்டவர்களின் நம்பிக்கை குறைந்திருக்காது.

செய்முறைப் பகுதிதான் இந்தப் பயிற்சியின் உயிர். முதலில் கை கழுவுதல், கையுறை, தோலைச் சுத்தம் செய்தல், ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாதிருத்தல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் செய்து காட்டிய பிறகே ஊசியைக் கையில் கொடுத்தார்கள். தொடக்கத்தில் 0.25 மில்லிமீட்டர் தடிமனும் 40 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஊசி; அதைக் கைடு ட்யூப் என்னும் சிறு வழிகாட்டிக் குழாய்க்குள் வைத்து விரலால் ஒரே தட்டில் தோலைக் கடக்கச் செய்யும் பழக்கம் வரும்வரை பஞ்சு மெத்தையின் மீதே பயிற்சி. பிறகு ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் கட்டம் வந்தது. கெண்டைக்காலில் தொடங்கி, முன்கையின் வெளிப்புறத் தசைகளுக்கும் இடுப்பின் பக்கவாட்டிலுள்ள குளூட்டியஸ் மீடியஸுக்கும் நகர்ந்து, கடைசியாகவே தோளின் மேற்பகுதிக்கு வந்த வரிசை யோசித்து வகுக்கப்பட்டது என்பது தெரிந்தது. தவறு நேர்ந்தாலும் பெரிய கேடு வராத இடத்தில் கை பழகட்டும் என்பதே அதன் நோக்கம்.

சரியான இடத்தில் ஊசி பட்டதும் தசை ஒரு கணம் தன்னால் துள்ளும். அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்ப்பதைவிட, நம் தசையிலேயே உணர்வது நல்ல பாடம். என் கெண்டைக்காலில் அது நிகழ்ந்தபோது குத்தும் வலி இல்லை. தசைப்பிடிப்பு வந்து உடனே விட்டதைப் போன்ற ஓர் ஆழ்ந்த இழுப்பு மட்டும் இருந்தது. மறுநாள் வரை அந்த இடம் கனத்தே இருந்தது. இது ஓரிரு நாள் இருக்கும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், சிகிச்சை எடுத்துக் கால் கெட்டுப்போயிற்று என்றுதான் அவர் ஊரில் சொல்வார்.

அப்பர் டிரப்பீசியஸ் என்னும் தோள்மேல் தசைக்கு எடுத்துக்கொண்ட கவனம் பாராட்டத்தக்கது. அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. தசையை விரல்களால் கிள்ளித் தூக்கிப் பிடித்து, ஊசியின் முனை எதிர்ப்பக்கத்து விரலை நோக்கியே போக வேண்டும், கீழ்நோக்கிப் போகவே கூடாது என்பதைப் பயிற்சியாளர் ஒவ்வொரு மேசைக்கும் வந்து, கையைப் பிடித்துத் திருத்தினார். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் நியூமோதோராக்ஸின் அறிகுறிகள் உடனே வராமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வறட்டிருமல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றார். தோள்பட்டை எலும்பின் மீது படர்ந்த இன்ஃப்ராஸ்பினேட்டஸ் தசையில் எலும்பே கேடயமாக நிற்கும் என்று பலரும் நம்புகிறோம். மிகச் சிலருக்குப் பிறவியிலேயே அந்த எலும்பில் துளை இருப்பதுண்டு என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. அயர்லாந்து இயன்முறை மருத்துவர்கள் 39 பேர் அளித்த 7,629 சிகிச்சைகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வில், தோல் கன்றிப்போதல், சிறு ரத்தக்கசிவு, வலி போன்ற லேசான பாதிப்புகள் சுமார் 19 சதவீதச் சிகிச்சைகளில் பதிவாகின. கடுமையான பாதிப்பு ஒன்றும் இல்லை. இந்த எண்ணைச் சொல்லிவிட்டு, அவர்கள் பயிற்சி பெற்று அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் நேற்றுத்தான் ஊசியைத் தொட்டவர்கள் என்று அவர் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் காலை, உட்கார்ந்தபடி முன்கையில் ஊசி போட்டுக்கொண்ட ஓர் இளைஞருக்குத் தலைசுற்றி வியர்த்துவிட்டது. ஊசியை எடுத்து, அவரைப் படுக்க வைத்து, கால்களை உயர்த்தி, நாடி சீராகும்வரை அருகிலேயே நின்றார்கள். முதல் முறை சிகிச்சை பெறுகிறவரைப் படுக்க வைத்தே தொடங்க வேண்டும் என்ற விதி அதன்பின் யாருக்கும் மறக்கவில்லை. அந்த இளைஞர் மதியத்துக்குள் சரியாகிப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழுத் தகுதியுள்ள பயிற்சியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் மட்டுமே இருந்தார்கள். கதவருகே இருந்த மேசைகளுக்கு முறை வரும்போது நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. ஊசி உடலுக்குள் போகும் ஒரு பயிற்சியில் இந்த விகிதம் ஏற்கத்தக்கதன்று. ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களிடம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பதிவின்போது கேட்காததும் அலட்சியமே.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். ரத்தக் கசிவுக் கோளாறு, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பது, தொற்று, நிணநீர் வீக்கம் உள்ள கை கால், கர்ப்பம், நிக்கல் ஒவ்வாமை, ஊசி என்றாலே மிரளும் மனநிலை எனத் தவிர்க்கவோ எச்சரிக்கையாக அணுகவோ வேண்டிய நிலைமைகள் அனைத்தும் இரண்டே திரைகளில் ஓடி மறைந்தன. நம் புறநகர் மருத்துவமனைக்கு வரும் நோயாளி, ரத்தம் உறையாதிருக்கத் தரும் குளோபிடோக்ரெல் மாத்திரையைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லப்போவதில்லை. “இதயத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒண்ணு” என்றுதான் சொல்வார். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே தனிப்பாடமாகவே வைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் வரும் ஃபுளூரோசிஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நெடுநாளைய செய்தி. ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவரின் எலும்பும் தசைநார்களும் கெட்டிப்பட்டு, முதுகு வளையாமல் விறைத்துப்போகும் நிலையில், வலிக்கும் இடத்தை அழுத்திப் பார்த்தால் டிரிக்கர் பாயின்ட் போலவே தோன்றலாம். ஊசி போட்டால் ஒரு நாள் இதமாகவும் இருக்கலாம்; ஆனால் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டிய நோயாளி ஊசியோடு வீடு திரும்பியிருப்பார். பென்னாகரத்திலிருந்து வந்திருந்த பெண் மருத்துவர் ஒருவர் இதை எழுப்பியபோது, “நல்ல கேள்வி, மேடம், அது இந்தப் பாடத்திட்டத்தில் இல்லை” என்று பதில் வந்தது. நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்தைச் சுமந்து செல்லும் நிறுவனத்திடம் வேறு பதிலை எதிர்பார்க்க முடியாதுதான். இருந்தாலும், எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்பதை ஒரு மணி நேரம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் செய்தி அது.

ஒப்புதல் படிவத்தின் மாதிரி ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டது. தமிழிலும், ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்க வேண்டியிருக்கும் ஒருவர், அதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கழிவு அகற்றுதலைப் பற்றிய பகுதி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளை நிறப் பெட்டிக்கும் ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும். வீடுகளுக்குச் சென்று ஊசி போடலாமா என்ற கேள்வியும் வந்தது. வீடு தேடிச் சென்று சிகிச்சை தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறுவது இங்கே பழகிப்போன ஒன்று. இருந்தும், படுக்கையும் வெளிச்சமும் கழிவுப் பெட்டியும் அவசர உதவியும் உறுதியாக இல்லாத இடத்தில் புதியவர்கள் ஊசியை எடுக்க வேண்டாம் என்று பயிற்சியாளர் தயங்காமல் சொன்னார். விளம்பரத்துக்கு ஏற்ற பதிலன்று, ஆனால் நேர்மையான பதில்.

கடைசி நாள் பிற்பகலில், ஊசிக்குப் பின் தசையை நீட்டும் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் எப்படி வர வேண்டும் என்று நடந்த ஒரு மணி நேரம் வகுப்புகளிலேயே சிறந்தது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மெட்டா ஆய்வு ஒன்று, 12 வாரம் வரையிலான காலத்தில் ட்ரை நீட்லிங் வலியைக் குறைப்பதற்குச் சான்று உண்டு, ஆனால் அச்சான்றின் தரம் மிகக் குறைவு முதல் மிதம் வரைதான், நீண்ட காலப் பயனுக்கான ஆதாரம் போதவில்லை என்று கூறியதை அப்போதுதான் மேற்கோள் காட்டினார்கள். இதை முதல் நாள் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. பன்னாட்டு அங்கீகாரம் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். அங்கீகரித்தது யார் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. முடிவில் நடந்த எழுத்துத் தேர்வில் எல்லோரும் தேறினோம். கையில் ஊசியோடு தனித்தனியே சோதிக்கும் செய்முறைத் தேர்வு இல்லை. இயன்முறை மருத்துவம் 2021-ஆம் ஆண்டின் இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்சார் தேசிய ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்ட காலத்தில், சுவரில் மாட்டும் தாள் ஒருவருக்குப் புதிய அதிகாரம் எதையும் தந்துவிடுவதில்லை.

கட்டணம் தொடக்க நிலை இயன்முறை மருத்துவர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டும். ஊசிகள், கையேடு, மதிய உணவு அதில் அடங்கும். கையேட்டின் படங்கள் தெளிவானவை. சாப்பாடு நன்றாக இருந்தது. அரங்கின் குளிரூட்டி சட்டை கழற்றிப் படுத்தவர்களை நடுங்க வைத்தது.

உடற்கூறு நினைவில் இருந்து, ஓரிரு ஆண்டுகளாவது நோயாளிகளைப் பார்த்து, அருகில் அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரும் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி பயன்படும். படிப்பை முடித்த கையோடு வருகிறவர்கள் காத்திருக்கலாம். சேரும் முன் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், செய்முறைத் தேர்வு உண்டா, பின்னர் ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழுத்தின் ஆழ்தசைகளையும் மார்புக்கூட்டை ஒட்டிய தசைகளையும் உள்ளடக்கிய அடுத்த கட்டத்துக்குப் பதிவு தொடங்கிவிட்டதாக அறிவித்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை. அப்படி ஒன்றை அவர்கள் சேர்க்கும்வரை நான் பதிவு செய்வதாக இல்லை.