செம்பு வாலையா, நீராவிக் கலனா? கொள்ளிடக் கரையில் வெட்டிவேர்த் தைலம்

கொள்ளிடத்து மணற்படுகையில் வெட்டிவேர் போட்டிருக்கும் குடும்பம், வேரைக் கட்டுக்கட்டாக விற்பதை விட்டு வீட்டிலேயே தைலம் இறக்க நினைத்தால், முதல் கேள்வி பாத்திரம்தான். வேரும் தண்ணீரும் ஒன்றாகக் கொதித்துத் தைலம் வடியும் செம்பு வாலையா, கொதிகலனிலிருந்து ஆவி பாயும் எவர்சில்வர் கலனா? இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

வரவை மட்டும் பார்த்தால் நீராவிக் கலன்தான் மேல். நூறு கிலோ உலர்ந்த வேரில் ஒரு கிலோ தைலம் கிடைத்தாலே பெரிது. அதிலும் கனமான மணச்சத்துகள் கடைசியில்தான் இறங்கும். அழுத்தம் ஏற்றிய ஆவி அவற்றை ஒரு பகல், ஓர் இரவுக்குள் வெளியே கொண்டுவந்துவிடும். ஆனால் கொதிகலனுக்குப் பதிவும் ஆய்வும் சட்டப்படி வேண்டும். சின்னக் குடும்பத்துக்கு அது பெரிய அலைச்சல்.

செம்பு வாலைக்கு விறகும் விழித்திருக்க ஆளும் போதும். அந்த ஆள் தூங்கக் கூடாது. ஒருமுறை விடியற்காலையில் கண்ணயர்ந்துவிட்டேன். தண்ணீர் வற்றி, அடியில் வேர் கருகி, அந்த ஈடு முழுவதும் புகை நாற்றம். பதினெட்டு மாதம் மண்ணில் வளர்ந்த வேர் அது. இன்றும் மனம் ஆறவில்லை.

இருந்தும் என் கை செம்பு வாலைக்கே போகிறது. தைலம் வாங்க வருபவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, காகிதப் பட்டையில் இரண்டையும் தொட்டுக் கொடுப்போம். அழுத்தத்தில் இறங்கியதில் லேசான தீய்ந்த காரம் இருக்கும். சில மாதம் ஆறவிட்டால்தான் தணியும். வாலையில் இறங்கியதோ வேர் ஊறிய மண்பானைத் தண்ணீரின் வாசனை. முகர்ந்தவர்கள் பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். மறுநாளும் அதில் மணம் நிற்கும்.

இந்த மணம் செம்பால் வருவது அல்ல, நிதானமான கொதியால் வருவது. எவர்சில்வர் கலனையும் அழுத்தம் ஏற்றாமல் மெதுவாக ஓட்டினால் கிட்டத்தட்ட அதையே பெறலாம், நேரம்தான் நீளும். மொத்த வியாபாரிக்கு டின் கணக்கில் கொடுப்பவர்களுக்கு அதுவே சரி. நேரில் வந்து முகர்ந்து வாங்குபவர்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு வாலை.

பச்சை நிறத் தைலம்தான் அசல் என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் உள்ளே வெள்ளீயம் பூசாத செம்பில் இறக்கும் தைலம் பச்சையாக இருக்கும். தைலத்தின் புளிப்பில் செம்பு கரைவதால் வரும் நிறம் அது, தரத்துக்குச் சான்று இல்லை. இதைத் திண்ணையிலேயே சொல்லிவிடுகிறோம். நிறம் வேண்டாம் என்பவர்கள், குறிப்பாக அதே வாலையில் ஓமத் தீநீரும் (ஓம வாட்டர்) வடிப்பவர்கள், கும்பகோணத்தில் பாத்திரம் செய்யக் கொடுக்கும்போதே உள்ளே பூசச் சொல்ல வேண்டும். பூசுவது வெள்ளீயம்தானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காரீயம் கலந்துவிட்டால் அந்த வாலையில் குடிக்கும் எதையும் வடிக்கக் கூடாது.