கைத்துடுப்பா, மூடிய கையா: நீச்சல் மாணவருக்கு எது ஏற்றது?

திருகோணமலையில் உயர்தர மாணவருக்குப் பிரீஸ்டைல் பழக்குவோர் பலர், குறைந்த கைவீச்சில் அதிக தூரம் செல்ல வைப்பதற்குக் உள்ளங்கையில் பட்டியால் மாட்டும் தட்டையான கைத்துடுப்பு வாங்குவதா, விரல்களை மடக்கிக் கையை முட்டியாக மூடி நீந்த வைப்பதா என்று தடுமாறுகின்றனர்.

செலவு: கைத்துடுப்புக்குப் பணம் வேண்டும், அதன் பட்டியும் நாளடைவில் அறுந்துவிடும். மூடிய கைக்கு எதுவும் வேண்டாம்.

நீரின் பிடி: கைத்துடுப்பு நீரைத் தள்ளும் பரப்பைக் கூட்டுவதால், கை கோணலாக நுழைந்தால் அது ஆட்டங்கண்டு பிழையைக் காட்டிக்கொடுக்கும். மூடிய கையோ உள்ளங்கையின் உதவியைப் பறித்துவிடுவதால், முழங்கையை உயர்த்தி முன்கையால் நீரைப் பின்தள்ள மாணவர் தாமாகவே கற்கின்றனர்; 25 மீற்றர் அவ்வாறு நீந்திவிட்டுக் கையை விரிக்கும்போது நீரின் பிடி அவர்களுக்குத் தெளிவாகப் புலப்படும், அந்தக் கணத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

தோள்: துடுப்பு தோள்மூட்டின் சுமையைக் கூட்டும். வளரும் வயதில் இது சிறிய விடயமல்ல. வலித்தால் உடனே கழற்ற வேண்டும்.

இடம்: மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் மூடிய கைப் பயிற்சியை அங்கும் செய்யலாம், ஆயினும் நீரோட்டம் கணக்கைக் குழப்புமாதலால், கைவீச்சை எண்ணுவதற்குத் தடாகமே ஏற்றது.

நுட்பம் உறுதியாகாத மாணவருக்கு மூடிய கையையே கொடுங்கள். நுட்பம் சீராகித் தோளும் வலுப்பெற்ற போட்டியாளருக்கு, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய துடுப்பைக் குறுந்தூரங்களுக்கு மட்டும் சேர்க்கலாம்.